கிணற்று நீர்மட்டத்தைப் பல ஆண்டுகள் அளந்து பதிவுசெய்யும் முறை

மியன்மாரின் (பர்மாவின்) தென்கிழக்கே உள்ள மோல்மேனில் ஆண்டுக்கு 4500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனாலும் மோல்மேன், தாட்டோன் பக்கத்துக் கிணறுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் வாளி அடியில் தட்டுவது புதிதல்ல. ஏறக்குறைய முழு மழையும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்த்துவிடுவதும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு நிலம் தன் சேமிப்பிலிருந்தே செலவழிப்பதும் இதற்குக் காரணம். "போன வருஷத்தைவிடத் தண்ணீர் கீழே போய்விட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தத் தேதியில், எவ்வளவு கீழே என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஒரு டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் அந்தப் பதிலை நாமே உருவாக்கலாம். அதற்கான வழியை, இதுவரை அளந்தே பார்க்காதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: கிணற்றைத் தேர்ந்தெடுத்தல்

நாள் முழுவதும் மோட்டார் ஓடும் கிணறு இதற்கு ஆகாது. இறைக்கும்போது கிணற்றின் மட்டம் சுற்றியுள்ள நிலத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்துவிடுவதால், நாம் அளப்பது நிலத்தடி நீராக இல்லாமல் மோட்டாரின் வேலையாக இருக்கும். கோயில் வளாகத்திலோ பழைய வீட்டுக் கொல்லையிலோ அதிகம் புழங்காமல், ஆனால் தூர்ந்துபோகாமல் இருக்கும் உறைகிணறு மிகவும் ஏற்றது. வீட்டில் இருப்பது ஒரே கிணறு என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அளக்கும் நேரத்தை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: அளவைப் புள்ளி

இந்த வேலையில் மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. கைப்பிடிச்சுவரின் மேல் விளிம்பு எங்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் தேய்ந்தும், மறுபக்கம் பூச்சு தடித்தும் இருக்கும். இன்று ஓரிடத்திலும் அடுத்த மாதம் வேறிடத்திலும் டேப்பை வைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு தானாகவே புகுந்துவிடும். ஆகவே சுவரின் விளிம்பில் ஓரிடத்தை உளியால் சிறிதாகக் கொத்தி, அதைச் சுற்றிச் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். எல்லா அளவுகளும் அந்தக் கொத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அந்தக் கொத்து தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 0.85 மீட்டர் என்று கொள்வோம்.

அத்துடன் நின்றுவிடாதீர்கள். கைப்பிடிச்சுவர் ஒருநாள் இடிக்கப்பட்டு உயர்த்திக் கட்டப்படலாம். கிணற்றுக்கு மேல் கான்கிரீட் மூடி வரலாம். எனவே எளிதில் மாறாத இன்னோர் இடத்தோடு, உதாரணமாகக் கோயில் மண்டபத்தின் முதல் படிக்கட்டோடு, கொத்தின் உயரத்தை ஒப்பிட்டு வைக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் இதற்குப் போதும். கண்ணாடி போன்ற அந்த ரப்பர் குழாயில் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையைப் படிக்கட்டின் பக்கமும் மறுமுனையைக் கிணற்றின் பக்கமும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். படிக்கட்டிலிருந்தும் கொத்திலிருந்தும் அந்த நீர்மட்டம் வரையுள்ள உயரங்களை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடு கிடைத்துவிடும். பின்னாளில் சுவரே மாறினாலும் பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒரே கணக்கில் சேரும்.

மூன்றாம் படி: அளத்தல்

இரும்பு டேப்பையே பயன்படுத்துங்கள். நைலான் கயிறு நனைந்தாலும் இழுத்தாலும் நீளும். துணி டேப்பையும் நம்ப முடியாது. நம் ஊரில் அடி, அங்குலம்தான் எல்லோர் வாயிலும் வருகிறது என்றாலும், அங்குலங்களைக் கழிக்கும்போது கணக்குத் தவறுவது எளிது என்பதால் மீட்டரிலேயே எழுதுவது நல்லது. குடிநீர்க் கிணறாக இருந்தால், டேப்பின் முனையைக் குளோரின் கலந்த நீரில் கழுவித் துடைத்தபின் இறக்க வேண்டும்.

டேப்பின் நுனியில் ஒரு சிறு தூக்குக்குண்டைக் கட்டி, கடைசி ஒரு மீட்டர் நீளத்துக்கு நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். குண்டு நீருக்குள் சற்று மூழ்கும்வரை மெல்ல இறக்கி, டேப்பில் முழு எண் ஒன்று, 7.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், சரியாகக் கொத்தின் மீது வரும்படி பிடித்து நிறுத்துங்கள். மேலே இழுத்துப் பார்த்தால் நீருக்குள் இருந்த பகுதியில் சாக்பீஸ் கருநீலமாக மாறி, உலர்ந்த பகுதியிலிருந்து தெளிவான கோடாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கோடு 0.43 மீட்டரில் இருந்தால், கொத்திலிருந்து நீர் வரையுள்ள ஆழம் 7.00 − 0.43 = 6.57 மீட்டர். அதிலிருந்து கொத்தின் உயரமான 0.85 மீட்டரைக் கழித்தால், தரையிலிருந்து 5.72 மீட்டர். குண்டு கட்டியதால் டேப்பின் சுழியம் இடம்பெயராதபடி பார்த்துக்கொள்வது அவசியம். டேப்பைத் துடைத்து மறுபடியும் சாக்பீஸ் தேய்த்து இரண்டாம் முறை அளக்க வேண்டும்; இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாம் முறையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் உறையில் கசியும் நீர் டேப்பை நனைப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

குழாய்க்கிணற்றில் இந்த முறை சிரமம். இரட்டைக் கம்பியின் முனை நீரைத் தொட்டதும் மேலே பல்பு எரியும் மின்டேப் அங்கே வசதியானது. எந்தக் கிணறாக இருந்தாலும் அளப்பதற்காக உள்ளே இறங்கவே கூடாது. அடியில் காற்று கெட்டுப்போயிருப்பது வெளியே தெரியாது.

நான்காம் படி: நேரமும் தேதியும்

விடியற்காலையில், முதல் வாளி இறங்குவதற்கு முன் அளப்பது பொது விதி. ஆனால் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் மோட்டார் போடும் வீடுகளில் விடியற்காலை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அங்கே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: இறைத்து முடித்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மட்டம் ஏறுவது எப்போது நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த அளவு ஊறும் நேரம் கழிந்த பிறகே எப்போதும் அளக்க வேண்டும். திஞ்சான் தண்ணீர்த் திருநாளும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டி வரும் அந்த வாரத்தில் தெருவே கிணற்றில் கை வைக்கும் என்பதால், அப்போது எடுக்கும் அளவைக் குறிப்போடுதான் எழுத வேண்டும்.

மாதத்தின் 1, 15 தேதிகள் போதுமானவை. மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களிலும், ஓயும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வாரம் ஒருமுறை அளந்தால் திருப்பம் எங்கே நிகழ்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பௌர்ணமி நினைவில் நிற்கும் நாள் என்பதற்காக அதை அளவை நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம். பர்மிய நாட்காட்டியில் சில ஆண்டுகளில் வாசோ மாதம் இரண்டு முறை வருவதால், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது தேதிகள் நழுவும். மேலும் சல்வீன் கழிமுகத்தை ஒட்டிய கிணறுகளில் கடல் ஏற்றவற்றத்தின் தாக்கம் இருக்கக்கூடும். பௌர்ணமியில் ஏற்றம் பெரிதாக இருப்பதால் நம் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஐந்தாம் படி: நோட்டுப் புத்தகம்

தேதி, நேரம், பிடித்த எண், ஈரக்கோட்டின் எண், ஆழம், தரையிலிருந்து ஆழம், மழை, குறிப்பு என்று பத்திகள் போதும். கழித்து வந்த விடையை மட்டும் எழுதாமல் இரு எண்களையும் எழுதுவதால், பிறகு சந்தேகம் வந்தால் சரிபார்க்க முடியும். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி எழுதுங்கள். தூர் வாரிய நாள், பக்கத்து வீட்டில் புதிதாகக் குழாய் இறக்கிய நாள் ஆகியவை குறிப்புப் பத்தியில் இருக்க வேண்டும். நிலநடுக்கமும் கிணற்று மட்டத்தை மாற்றக்கூடியது என்பதால், 2025 மார்ச் 28 போன்ற நாட்களையும் எழுதி வைப்பது பின்னால் உதவும்.

ஆறாம் படி: வரைந்து படித்தல்

கட்டத்தாளில் மாதங்களைக் கிடைக்கோட்டிலும் ஆழத்தைச் செங்குத்தாகவும் குறிக்கும்போது, சுழியத்தை மேலே வையுங்கள். அப்போதுதான் தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும்.

மழையால் மட்டம் எவ்வளவு ஏறும் என்பது மண்ணைப் பொறுத்தது. 100 மில்லிமீட்டர் நீர் மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தை அடைகிறது என்போம். மண்ணின் பருமனில் 20 விழுக்காடு மட்டுமே நீரை ஏற்று விடும் இடைவெளியாக இருந்தால் மட்டம் அரை மீட்டர் உயரும். 5 விழுக்காடாக இருந்தால் இரண்டு மீட்டர் உயரும். எனவே வேகமாக ஏறும் கிணற்றில் நிறைய நீர் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

கடற்கரையோர மாநிலங்களில் மழைக்கால உச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீர்மட்டம் தரையை நெருங்கிவிட்டால் அதற்குமேல் பெய்யும் மழை ஓடையில்தான் போகும். நல்ல மழை ஆண்டும் சுமாரான ஆண்டும் ஒரே உச்சத்தைக் காட்டலாம். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: மழைக்கு முந்தைய மிகத் தாழ்ந்த மட்டம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கோடு சரியும் வேகம். டிசம்பர் 1 அன்று 2.10 மீட்டரிலும் ஏப்ரல் 1 அன்று 5.30 மீட்டரிலும் நீர் இருந்தால், மாதத்துக்கு 80 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மழையில் பெரிய மாற்றம் இல்லாமல் இந்த வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடினால், சுற்றுவட்டாரத்தில் இறைப்பு பெருகியிருப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆண்டு மழை 1000 மில்லிமீட்டரைத் தொடாத மாண்டலே பக்கத்திலோ உச்சமும் அதே அளவு முக்கியம். அங்கே கிணறு நிரம்பாமலே ஒரு மழைக்காலம் கடந்துவிடலாம்.

ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும், அக்டோபரோடு அல்ல. இரண்டு மூன்று ஆண்டுகளின் வேறுபாடு மழையின் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். இந்தியாவின் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஒரு பருவத்தின் மட்டத்தைப் பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறது. நாமும் அந்த அளவுக்குப் பொறுமையாக இருப்பது நல்லது.

நீருக்குள் தொங்கவிட்டால் மணிக்கணக்கில் தானாகவே பதியும் அழுத்தமானிகள் கிடைக்கின்றன. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் அவை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீரளவு மாறியதாகக் காட்டும் என்பதால், காற்றழுத்தத்தையும் தனியே பதிந்து கழிக்க வேண்டியிருக்கும். கருவி வாங்கினாலும் கை டேப்பால் அவ்வப்போது சரிபார்க்கும் வேலை தொடரும். தொடக்கத்தில் அந்தக் கருவி தேவையில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் கடைசியில், குண்டு அடியைத் தொடும்வரை இறக்கிக் கிணற்றின் மொத்த ஆழத்தையும் அளந்துவிடுங்கள். நீர்மட்டம் மாறாமலே வண்டல் சேர்ந்து அடி உயர்ந்துகொண்டிருந்தால், நிற்கும் நீரின் உயரம் குறைகிறது. அந்தக் கிணற்றுக்குத் தேவை தூர் வாருவதுதான், இன்னும் ஆழமாக வெட்டுவது அல்ல.