சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் முன்சக்கர கேம்பர்: வீட்டிலேயே அளந்து திருத்துவது எப்படி

காருக்கு நேர் முன்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சரியும். அந்தப் பக்கச் சக்கரமும் சேர்ந்து சாய, டயரின் வெளித்தோள் மட்டும் தேயும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்) உள்ள இதுபோன்ற வண்டிகளில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது கிடைக்கும் உள்சாய்வு சொற்பம். அதனால் நிற்கும்போதே கொஞ்சம் கொடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

2000களின் இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸில் இது சுலபம். ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலே இருப்பது மையம் விலகிய கேம் போல்ட். அதைச் சுழற்றினால் நக்கிளின் தலை உள்ளேயோ வெளியேயோ நகரும். அன்றாட ஓட்டத்துக்கு மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி போதும். ட்ராக்கில் ஓட்ட மைனஸ் 2.5 முதல் 3 வரை வைப்பார்கள். அவ்வளவு இந்த போல்ட்டில் கிடைக்காது, ஸ்ட்ரட் தலையில் கேம்பர் பிளேட் போட வேண்டும்.

முதலில் தரை

இந்த வேலையில் முக்கால்வாசி அளப்பதுதான். போல்ட் திருப்ப பத்து நிமிடம் ஆகாது.

இரு முன்சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.5 மீட்டர். அதில் 1 செ.மீ. சரிவு இருந்தாலே ஒரு பக்கம் 0.4 டிகிரி கூடவும் மறுபக்கம் அதே அளவு குறையவும் காட்டும். கொத்தனார் டியூப் லெவலால் நான்கு சக்கரத்தடியையும் மட்டம் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் தரை ஓட்டுத் துண்டுகளை வையுங்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு மூன்று வையுங்கள்.

அளவு

ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் டயரின் புடைப்பில் படக்கூடாது; பட்டால் மேலே ஒரு கட்டை கொடுத்து வெளியே தள்ளுங்கள். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளிகளை அளங்கள். மேலே அதிகம் என்றால் நெகட்டிவ். வித்தியாசத்தை இரு புள்ளிகளுக்கு நடுவிலான உயரத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் டிகிரி வரும். உயரம் 430 மி.மீ. என்றால் 7.5 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. ரிம் நெளிந்திருக்கிறதா என்று அறிய, வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

திருப்புதல்

1. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே கை விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. கேம் போல்ட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். குழம்பினால் திரும்பிப் போக வழி இதுதான்.

3. போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போது தலையைத் திருகினால் கேமின் முனை சிதையும். கீழ் போல்ட்டையும் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நக்கிள் அசையாது. எதையும் முழுதாக உருவாதீர்கள். நக்கிள் வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் இழுத்துவிடும்.

4. நக்கிளின் தலையை உள்ளே அழுத்திக்கொண்டே கேமைச் சுழற்றுங்கள். பிறகு சர்வீஸ் மேனுவலில் உங்கள் மாடலுக்குச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம், இறுகும் அதிர்விலேயே கேம் நகர்ந்துவிடும்.

இங்கே சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம். மாஸ்டா எம்எக்ஸ்-5 போல லோயர் ஆர்மில் கேம் போல்ட் உள்ள வண்டியில் அப்படிச் செய்யக்கூடாது: அந்த போல்ட் ரப்பர் புஷ்ஷையும் பிடித்திருக்கிறது, தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

5. சக்கரத்தை மாட்டி இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் தரையைக் கவ்விக்கொண்டு சஸ்பென்ஷனை முழுதாக அமரவிடாது. 3 மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை நாலு முறை அமுக்கிவிட்டு அளங்கள். இடது வலது வித்தியாசம் 0.2 டிகிரிக்குள் இருக்கட்டும். அரை டிகிரி தாண்டினால், நெகட்டிவ் குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

டோவை மறந்தால் டயர் போச்சு

நக்கிள் சாய்ந்தது, அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடின் நீளம் மாறவில்லை; எனவே சக்கரம் பார்க்கும் திசை, அதாவது டோ, மாறியிருக்கும். உள்தோள் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோதான். இரு டயர்களின் நடுக்கோட்டையும் முன்புறம் ஒரு முறை, பின்புறம் ஒரு முறை, ஒரே உயரத்தில் டேப்பால் அளங்கள். இரண்டும் சமமாகும்வரை, லாக் நட்டைத் தளர்த்தி, டை ராடுகளை இருபக்கமும் சம அளவு திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

100 கிலோமீட்டர் ஓடிய பின், அல்லது பெரிய பள்ளத்தில் விழுந்த அன்றே, இறுக்கிய நிலையில் புதிதாக ஒரு பெயின்ட் கோடு போட்டிருந்தீர்களானால் அதைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் கேம் நழுவியிருக்கிறது: நட்டை மாற்றி, தொடும் பரப்புகளில் துருவைத் துடைத்து, மூன்றாம் படியிலிருந்து மறுபடி.