ஷிப்டுப் பொறுப்பு கைக்கு வந்த பிறகு: தேயிலைத் தொழிற்சாலையின் புதிய மேற்பார்வையாளருக்கு

இலையை வாட்டும் நீண்ட தொட்டியான டிரஃபில் கிடக்கும் இலையை ஒரு கை அள்ளி அழுத்திப் பார்த்து வாட்டம் போதுமா போதாதா என்று சொல்லிவிடக்கூடியவர், அரைபட்டு வரும் இலையைக் கண்டதுமே ரோலரின் பல் மழுங்கியிருப்பதை அறிந்துவிடக்கூடியவர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்தவர் என ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒருவர் இருப்பார்; ஷிப்டு மேற்பார்வையாளர் பதவி காலியாகும்போது அது அவருக்கே போகும். நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, குந்தா வட்டாரங்களில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலைகளிலும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும் இதுவே வழக்கம். வழக்கத்தில் பிழையில்லை. ஆனால் உத்தரவு கைக்கு வந்த அன்றே, அதுவரை கற்ற வேலை அவருடைய வேலையாக இல்லாமல் போய்விடுகிறது என்பதையும், அந்த வேலையை இன்னொருவர் அவர் அளவுக்குச் செய்யும்படி ஆக்குவதே இனி அவருடைய வேலை என்பதையும் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளரான முதல் ஆண்டில், உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் மேட்டுப்பாளையம் போயிருந்தபோது தொழிற்சாலையிலிருந்து பதினொரு முறை தொலைபேசி வந்தது. நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்ற பெருமையோடு திரும்பி வந்து அதை மேலாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல், "அப்படியென்றால் பதினொரு விஷயங்களை நீங்கள் இன்னும் யாருக்கும் கற்றுத்தரவில்லை" என்றார். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான்.

முதல் மாதம்: மாற்றாதீர்கள், பாருங்கள்

புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்ற அவசரம் வரும். அதை ஒரு மாதம் அடக்கி வையுங்கள். இலை இறங்கும் இடம், வாட்டும் தளம், இலையை அரைக்கும் சி.டி.சி. இயந்திரம், நொதிக்கும் தளம், உலர்த்தும் டிரையர், சலிக்கும் அறை, மூட்டை கட்டும் இடம் என ஒவ்வொன்றிலும் ஒரு முழு ஷிப்டு நில்லுங்கள். நீங்கள் பல ஆண்டுகள் வேலை செய்த பகுதியிலும் நில்லுங்கள். அங்கேதான் பார்க்காமலே தெரிந்துவிட்டதாக நினைப்போம். ஒவ்வொருவரிடமும், அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், வேலையில் எது தடங்கலாக இருக்கிறது, யாரிடமிருந்து எது தாமதமாக வருகிறது, முன்பு சொல்லியும் யாரும் கவனிக்காத குறை எது என்று கேளுங்கள். அலுவலக அறைக்கு அழைத்துக் கேட்டால் "ஒரு குறையும் இல்லை சார்" என்ற பதில்தான் கிடைக்கும். கேட்டவற்றுள் சிறிய ஒன்றை, எரியாத விளக்கோ வழுக்கும் படியோ எதுவாயினும், அந்த மாதத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். கேட்டது வெறும் பேச்சுக்கல்ல என்பதை அது காட்டும்.

நேற்றுவரை ஒரே வரிசையில் தேநீர் குடித்த நண்பர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பது பலரையும் வாட்டும் கேள்வி. வயதில் மூத்தவரை இத்தனை நாள் அண்ணா என்றோ அக்கா என்றோ அழைத்திருந்தால் அப்படியே அழையுங்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குபவரை இந்த மலையில் யாரும் மன்னிப்பதில்லை. ஆனால் மிக நெருங்கிய நண்பரிடம் முதல் வாரத்திலேயே தனியாக உட்கார்ந்து, ஓவர்டைம், விடுப்பு, ஷிப்டு மாற்றம் ஆகியவற்றில் மற்றவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதுவே உங்களுக்கும் கிடைக்கும், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லும் அன்று கசக்கும். சொல்லாமல் விட்டால் ஒரு பருவத்துக்குள் நட்பும் போகும், மற்றவர்களின் நம்பிக்கையும் போகும்.

தீர்மானத்தைக் கைமாற்றுவது

பொறுப்பை ஒப்படையுங்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்வார்கள். எதை, எப்படி ஒப்படைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மூட்டையை இங்கிருந்து அங்கே மாற்றச் சொல்வது வேலையைத் தருவதாகும். நொதித்தது போதும், டிரையருக்கு அனுப்பலாம் என்று சொல்லும் உரிமையைத் தருவதே தீர்மானத்தைத் தருவதாகும்.

நொதித்தலையே எடுத்துக்கொள்வோம். அரைபட்ட இலை பச்சை நிறத்திலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். பச்சைப் புல்லின் வாடை விலகி, பழுத்த கனியின் மணம் எழும். அந்த மணம் உச்சத்தில் இருக்கும்போது டிரையருக்குள் போய்விட வேண்டும். முந்தினால் தேநீர் பச்சை வாடையோடு துவர்க்கும். பிந்தினால் சுறுசுறுப்பு இழந்து சப்பென்று இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து நடத்த முடியாத வேலை இது, ஏனெனில் ஏப்ரல் பகலில் ஆகும் நேரமும், மூடுபனி இறங்கிய நவம்பர் விடியற்காலையில் ஆகும் நேரமும் ஒன்றல்ல. ஆகவே பல தொழிற்சாலைகளில் இது, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒருவரின் மூக்கையே நம்பியிருக்கிறது. அவருக்குச் சளி பிடித்தால் அன்றைய தூளுக்கும் சளி பிடித்துவிடும் என்று எங்கள் சலிப்பறையில் கேலி பேசுவார்கள்.

இதை இன்னொருவருக்குக் கற்றுத்தர நான் கையாண்ட முறை இது. முதல் இரண்டு வாரம் அவர் என்னோடு நின்று, நான் முகரும் அதே கைப்பிடி இலையை முகர்வார். நான் தீர்மானிப்பேன், ஏன் என்பதை வாய்விட்டுச் சொல்வேன். அடுத்த இரண்டு வாரம் அவர் முதலில் சொல்வார், நான் பின்னர் சொல்வேன். வேறுபட்டால் இருவரும் மீண்டும் முகர்வோம். அதன்பின் அவரே தீர்மானித்துவிட்டு எனக்குச் சொல்வார். கடைசியில் எனக்குச் சொல்லவும் வேண்டாம். நேரம், தளத்தின் வெப்பநிலை, நிறம், மணம், எடுத்த முடிவு ஆகியவற்றை நோட்டில் ஒரு வரியாக எழுதினால் போதும். மறுநாள் காலையில் அந்த வரியையும் அந்தத் தூளின் தேநீரையும் பக்கத்தில் வைத்து இருவரும் சுவைத்துப் பார்ப்போம். கற்றுத்தந்தது நானா, அந்தக் கோப்பையா என்று கேட்டால், பெரும்பகுதி கோப்பைதான்.

மேலாண்மை வகுப்புகளில் இதற்குச் சூழல்சார் தலைமை என்று பெயர். ஒரே ஆளிடம்கூட எல்லாக் காலத்திலும் ஒரே விதமாக நடந்துகொள்ளக் கூடாது. புதியவருக்குச் செய்முறையைச் சொல்ல வேண்டும், தேர்ந்தவருக்கு வழிவிட வேண்டும் என்ற கருத்தை 1969-இல் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் முன்வைத்தனர். கருத்து எளிது. இடறுவது எங்கே என்றால், மூன்றாம் கட்டத்தில் கற்பவர் ஒருமுறை தவறியதும் நாம் முதல் கட்டத்துக்கே தாவிவிடுவதில்தான். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மழை இரவில் நான் பயிற்றுவித்த இளைஞர் ஒரு தொகுதியைச் சற்று அதிக நேரம் விட்டுவிட்டார்; மறுநாளே அந்த உரிமையை எல்லோர் முன்னிலையிலும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் பல மாதங்கள் எதையும் தாமாகத் தீர்மானிக்கவில்லை. என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கெட்டது ஒரு தொகுதித் தூள். அதற்கு நான் கொடுத்த விலை அதைவிடப் பெரிது.

எனவே உரிமையைக் கொடுக்கும்போதே எல்லையையும் சொல்லிவிடுங்கள்: இவ்வளவு அளவு வரை உங்கள் முடிவு, அதற்கு மேல் போனால் என்னை எழுப்புங்கள். எல்லைக்குள் நேரும் தவறு கற்பதற்கான செலவு. அதைத் தாங்க முடியாத இடத்தில் உரிமையையே தராதீர்கள். டிரையரின் அடுப்பு, மின்பலகை, ரோலரின் பாதுகாப்பு மூடி ஆகியவற்றில் சோதனை முயற்சிக்கு இடமே இல்லை. அங்கே விதி ஒன்றுதான், அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

தவறு வெளியே வரும் தொழிற்சாலை

ஹார்வர்ட் பேராசிரியர் ஆமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளின் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளோ நேர்மாறாக இருந்தன. அந்தக் குழுக்களில் தவறு கூடுதலாக நடக்கவில்லை. நடந்த தவறைச் சொல்ல அங்கே பயம் இல்லை என்பதே அவர் கண்ட விளக்கம்.

தூளில் ஈரம் அதிகம் என்பதை டிரையர் அருகே நிற்பவர் முதலில் உணர்கிறார். காய்ந்த தூளில் ஏறத்தாழ மூன்று சதவீத ஈரம் இருக்கலாம். அது மிகுந்தால் மூட்டைக்குள்ளேயே கெடும். அவர் அப்போதே வந்து சொன்னால் சரிசெய்யலாம். திட்டு விழும் என்று மறைத்தால், குன்னூர் ஏலத்துக்கு முன் மாதிரியைச் சுவைப்பவர் அதைக் கண்டுபிடிப்பார், விலையில் காட்டுவார். ஆகையால் தவறைச் சொல்ல வருபவரிடம் நீங்கள் பேசும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளுங்கள். "சொன்னது நல்லது, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்பது என் வாக்கியம். "எத்தனை தடவை சொல்வது?" என்பது நாக்கு நுனியில் நிற்கும், விழுங்கிவிடுங்கள்.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டிக்க வேண்டியதை அன்றே, தனியாக, நடந்த செயலை மட்டும் சுட்டிச் சொல்லுங்கள். "நீங்கள் எப்போதும் கவனக்குறைவு" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. அவரால் மறுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. "நேற்று இரவு இரண்டு மணிக்குப் பிறகு வெப்பநிலை எழுதப்படவில்லை, என்ன நடந்தது?" என்பது செயலைப் பற்றிய பேச்சு. கேள்வியைக் கேட்டபின் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அந்த இரவு மாற்று ஆளின் லைன் வீட்டருகே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காட்டெருமை நின்றதால் அந்த ஆள் வர ஒரு மணி நேரம் ஆனது என்று தெரியவரலாம். அப்போது திருத்த வேண்டியது அவரையல்ல, ஷிப்டு மாறும் நேரத்தை.

தராசும் விடுப்புப் பட்டியலும்

ஒரு மேற்பார்வையாளரின் நேர்மையை ஊழியர்கள் முதலில் அளப்பது தராசடியில்தான். மழைக்காலத்தில் நனைந்து வரும் இலைக்குத் தண்ணீர் எடை கழிக்கப்படும். ஒரு விவசாயிக்கு ஒரு விதமாகவும் உறவினருக்கு வேறு விதமாகவும் கழித்தால், அதை இறக்கிவைக்கும் தொழிலாளி பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நாளைக்குத் தன் ஓவர்டைம் கணக்கிலும் இதுவே நடக்கும் என்று முடிவு செய்துகொள்வார். 1965-இல் உருவான, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வின் கீழுள்ள தொழிற்சாலைகளில் இலை கொண்டுவருபவரே தொழிற்சாலையின் உறுப்பினரும் ஆவதால், அங்கே இன்னும் கவனம் வேண்டும். கழிவின் அளவுகோலை எழுதி, எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டிவிடுங்கள். வாதம் முழுவதும் ஓயாது; ஆனால் உங்களைப் பற்றிய வாதம், பலகையைப் பற்றிய வாதமாக மாறும்.

விடுப்பும் அப்படித்தான். ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியல் போடுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் ஊழியர்களுக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சமவெளியில் சொந்த ஊர் உள்ளவர்களுக்கும், கர்மா பண்டிகைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கும் விடுப்பு தேவைப்படும். ஊருக்குப் போய்வரவே ஒரு வாரம் ஆகும் வடமாநிலத் தொழிலாளிக்கு இரண்டு நாள் விடுப்பு தருவது, தராமல் இருப்பதற்குச் சமம். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் எத்தனை பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விடமுடியாது என்ற எண்ணிக்கையைச் சொல்லி, யார் முதலில், யார் அடுத்து என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் போட்ட பட்டியல்களைவிட அவர்கள் போட்டவை குறைவாகவே முறிந்தன.

மொழி தெரியாதவரிடம் உரக்கப் பேசுவதால் புரிந்துவிடாது. செய்து காட்டி, அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அது வெறும் காகிதத்தில் இருக்கிறதா, அதில் இருப்பவர்களின் பெயர் சலிப்பறைப் பெண்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஷிப்டுத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் எல்லோரும் கூடி நிற்பது நல்லது. தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டைப் போலப் பெயர் கூப்பிட்டு ஏவிவிடும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இங்கே வேலை செய்கிறார்கள். ஏவல் குரலைத் தாத்தா பாட்டி சொன்ன கதைகளிலேயே போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். நேற்று வந்த இலை எப்படி, இன்று எது சிக்கலாகலாம் என்பதை நீங்கள் சொல்வதைவிட, நாளுக்கு ஒரு பகுதியினர் சொல்லட்டும்.

அடுத்தவரைத் தேடுதல்

பொறுப்பேற்று ஆறு மாதம் ஆனதும், உங்கள் இடத்துக்கு வரக்கூடிய இருவரையாவது கண்டுபிடியுங்கள். கூட்டத்தில் உரக்கப் பேசுபவரை விட்டுவிட்டு, இயந்திரம் நின்றதும் மற்றவர்கள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் தொழிற்சாலையில் அவர்கள் தேடிப் போனது சலிப்பறையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்த ஓர் அக்காவை. அவரை மேற்பார்வைக்குப் பரிந்துரைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இரவு ஷிப்டுக்கு அவர் எப்படி வருவார் என்று நானே அவருக்காகத் தயங்கிக்கொண்டிருந்தேன். கேட்டபோது, வாகனம் வீட்டு வாசலுக்கு வந்தால் வருகிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆள் கிடைத்து, கற்றுத்தந்து, உரிமையும் எல்லையும் சொன்னபின், கொழுந்து குறைவாக வரும் பனிக்காலத்தில் மூன்று நாள் விடுப்பு எடுங்கள். தொலைபேசியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, தீ, விபத்து இரண்டுக்கு மட்டும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் யாரையும் விசாரிக்காமல் முதலில் நொதித்தல் நோட்டைப் பிரியுங்கள். அந்த மூன்று நாளின் வரிகளையும் படித்து, நீங்கள் வேறு விதமாக முடிவு செய்திருக்கக்கூடிய இடங்களில் பென்சிலால் மெல்லிய புள்ளி வையுங்கள். பிறகு அந்தத் தொகுதிகளின் தேநீரைப் போடச் சொல்லி, எழுதியவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு குடித்துப் பாருங்கள். சில புள்ளிகளை நீங்களே அழிக்க வேண்டியிருக்கும்.