பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றுமுன்

சேலம் கோட்டை மாரியம்மனின் ஆடித் திருவிழாவுக்காகப் பாடிப் பதிந்த பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்ற நினைப்பவர், அதில் இரண்டு தனி உரிமைகள் இருப்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வரியும் மெட்டும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியவை. ஒலிப்பதிவோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதைப் பொறுப்பேற்று உருவாக்கிய தயாரிப்பாளருக்குச் சேரும், வெளியானபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே ஸ்டூடியோவில் மைக்கைத் தொடுமுன், தவில்காரர் உட்பட ஒவ்வொருவரின் பங்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பங்காளிக்குள் தாள் எதற்கு என்பவரிடம்தான் முதலில் வாங்க வேண்டும்.

அடுத்து, ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோக நிறுவனத்தின் வழியே ஏற்றும்போது கிடைக்கும் ஐஎஸ்ஆர்சி குறியீட்டை, அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் 12 எழுத்து-எண் குறியீட்டை, குறித்து வையுங்கள். பிற்பாடு நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டையே கொடுக்க வேண்டும். இல்லையேல் கேட்பு எண்ணிக்கை சிதறிவிடும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், வரிக்கும் மெட்டுக்கும் உரிய தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் உறுப்பினராவது தனி வேலை.

ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை பெரும்பாலும் கிடையாது. பொதுவாக, சேர்ந்த வருவாயை மொத்தக் கேட்புகளின் விகிதத்தில் பங்கிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பதிவுக்கு ஒலிப்பதிவுத் தொகை கிடையாது. ஆடியில் மட்டும் ஒலிக்கும் பாட்டுக்கு இது கடினமான வரம்புதான் என்பதால், கச்சேரிக் கூலியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.