83 டாலர் எங்கே போகிறது? நேரலை டிவி சந்தாவில் நாம் செய்யும் தவறுகள்

மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு ஐந்து மாதம் தங்கியபோது, அவருக்காகத் தமிழ்ச் சேனல்கள் அடங்கிய ஒரு தொகுப்பைச் சேர்த்தோம். பேரப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவருக்குத் துணை அந்தச் சீரியல்கள்தான். அவர் விமானம் ஏறி ஏழு மாதம் கழித்து, வருமான வரிக் கணக்குக்காகக் கடன் அட்டைப் பட்டியலைப் புரட்டினேன். தொகுப்புக்கான பணம் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் வீட்டில் ஒருவரும் அந்தச் சேனல்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அமெரிக்காவில் இப்போது வீட்டுக்குள் இருக்கும் டிவியும் அப்படித்தான் தின்கிறது.

கேபிள் சேனல்களை இணையம் வழியாக நேரலையில் தரும் யூடியூப் டிவி 2017இல் தொடங்கியபோது மாதக் கட்டணம் 35 டாலர். அடுத்த ஆண்டு 40 ஆனது; 2019இல் 50, 2020இல் 65, 2023இல் 73, 2025 ஜனவரியில் 83. அதே வகைச் சேவையான ஹுலுவின் நேரலைத் தொகுப்பும் அதே 2017இல் 40 டாலருக்கு வந்தது. 2025 அக்டோபரில் 90 டாலரைத் தொட்டுவிட்டது. மாதம் 83 என்றால் பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர்.

இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. விலை ஏறும்போதெல்லாம் "கேபிளுக்கு 140 கட்டினோமே, அதற்கு இது தேவலை" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். எட்டு ஆண்டுக்கு முன் வேண்டாமென்று விட்ட ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டால் எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும். கேபிள் பழங்கதையாகிவிட்டது. இன்று வீட்டில் உண்மையில் என்ன பார்க்கிறோம், அதை மட்டும் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதோடுதான் இந்த 83 டாலரை ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது தவறு, விலை ஏறிய கோபத்தில் ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது. விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால் இந்தத் தாவலில் பெரிய பலன் இல்லை என்பது புரியும். நாம் கட்டும் பணத்தின் பெரும்பகுதி அந்தச் சேவையிடம் தங்குவதில்லை. சேனல் உரிமையாளர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சேனலுக்கும், ஒவ்வொரு சந்தாதாரருக்கும், மாதம் இவ்வளவு என்று ஒப்பந்தம் உண்டு. அதில் மிக விலை கூடியது விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன். நீங்கள் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவராக இருந்தாலும், அது அடங்கிய தொகுப்பை வாங்கினால் அதற்குரிய பணம் போய்விடும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகியவற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. இவை உள்ளூர் நிலையங்கள் வழியாக, ஆன்டெனா இருந்தால் காற்றில் இலவசமாக வருபவை. ஆனால் 1992ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், தங்கள் ஒளிபரப்பைக் கேபிளில் மறுபடி காட்டுவதற்குக் கட்டணம் கேட்க உள்ளூர் நிலையங்களுக்கு வழி திறந்துவிட்டது. அந்த வழக்கம் இணையச் சேவைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலே விளையாட்டு ஒளிபரப்பு உரிமை. 2021இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எப்எல் செய்துகொண்ட 11 ஆண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு 100 பில்லியன் டாலருக்கு மேல். 2024இல் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏ செய்துகொண்டது, அதுவும் 11 ஆண்டுக்கு, ஏறத்தாழ 76 பில்லியன். இந்தப் பணத்தைச் சேனல்கள் சேவைகளிடம் கேட்கின்றன. சேவைகள் நம்மிடம் கேட்கின்றன. ஆக, அதே சேனல்களைத் தரும் எந்தச் சேவைக்குப் போனாலும் விலை கொஞ்சம் முன்னே பின்னே அங்கேயே வந்து நிற்கும். விலை குறைய வேண்டுமானால் சேனல் குறைய வேண்டும். பிலோ போன்ற சேவைகள் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதற்குக் காரணம், அவற்றில் உள்ளூர் நிலையங்களும் பெரிய விளையாட்டுச் சேனல்களும் இல்லை என்பதுதான்.

சரி, எதைக் குறைப்பது? இதை நினைவிலிருந்து முடிவு செய்வதுதான் மூன்றாவது தவறு. நாங்களும் அப்படித்தான் பேசிப் பார்த்தோம். "எனக்கு அந்தச் சமையல் சேனல் வேண்டும்" என்றார் ஒருவர். "வரலாற்றுச் சேனல் இல்லாமல் முடியாது" என்றார் இன்னொருவர். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்து, பென்சிலோடு ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். நேரலையில் எதைப் பார்த்தாலும் ஒரு வரி எழுத வேண்டும்; அவ்வளவுதான் விதி. மாதக் கடைசியில் தாளில் இப்படி இருந்தது: "செவ்வாய், உள்ளூர்ச் செய்தி, 20 நிமிடம்." "ஞாயிறு, சிபிஎஸ், ஆட்டம்." "வியாழன், வானிலை, புயல்." நூற்றுக்கு மேற்பட்ட சேனல்களில் நாங்கள் திறந்தவை எட்டு. வரலாற்றுச் சேனலுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் "தூங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தது. எட்டில் ஐந்து, காற்றில் இலவசமாக வருபவை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஐந்துக்கு வேண்டியது ஒரு ஆன்டெனா. எண்பதுகளில் தென் மாவட்டங்களில் இலங்கையின் ரூபவாஹினிக்காக மொட்டை மாடியில் கம்பியைத் திருப்பிக்கொண்டு "இப்போது தெரிகிறதா?" என்று கத்திய தலைமுறை, அமெரிக்கா வந்ததும் ஆன்டெனாவை மறந்துவிட்டது வியப்புதான். 2009 ஜூனில் இங்கே முழுசக்தி நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. இப்போது படம் புள்ளி புள்ளியாக வராது. வந்தால் கண்ணாடி போல் வரும், இல்லாவிட்டால் சதுரம் சதுரமாக உடையும். கேபிளில் வருவதைவிடத் தெளிவாக இருப்பதும் உண்டு.

ஆன்டெனா வாங்குவதிலும் தவறுகள் இருக்கின்றன. பெட்டியின் மேல் "4கே", "200 மைல்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆன்டெனா வெறும் வானொலி அலையைப் பிடிக்கிறது. அதற்கு 4கே என்ன, 2கே என்ன. பூமி வளைந்திருப்பதால் 60, 70 மைலுக்கு அப்பால் எந்தக் கம்பிக்கும் பிடிமானம் இல்லை. வாங்குவதற்கு முன் எப்சிசி எனப்படும் தகவல் தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியை இட்டுப் பாருங்கள். எந்த நிலையம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வலுவாக வருகிறது என்று காட்டும். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் தெரியும் சேனல் எண் வேறு, அது உண்மையில் ஒளிபரப்பாகும் எண் வேறாக இருக்கலாம். உண்மை எண் 7க்கும் 13க்கும் இடையில் இருந்தால், சுவரில் ஒட்டும் தட்டையான ஆன்டெனாக்கள் பல தடுமாறும். நீட்டி மடக்கும் இரண்டு கம்பி வைத்த பழைய பாணிதான் அங்கே கைகொடுக்கும்.

எங்கள் தட்டை ஆன்டெனாவை முதலில் டிவிக்குப் பின்னால் செருகினேன். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாது என்பதால். 11 சேனல் வந்தது. மாடி ஜன்னல் கண்ணாடியில், ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் பக்கமாக ஒட்டி, மறுபடி சேனல் தேடவிட்டபோது 40ஐத் தாண்டியது. நடுவில் மாறியது பன்னிரண்டு அடி கம்பியும் ஒரு சுவரும்தான். இடத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் டிவியின் அமைப்புப் பகுதிக்குப் போய்ச் சேனலைத் தேடவிட வேண்டும்; பலர் இதைச் செய்யாமலே "ஒன்றும் வரவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வாடகை வீடு என்று தயங்குபவர்களும் உண்டு. உங்களுக்கே உரிய பால்கனியிலோ முற்றத்திலோ ஆன்டெனா வைப்பதை வீட்டு உரிமையாளரோ குடியிருப்போர் சங்கமோ தடுக்க முடியாது என்று எப்சிசி விதி செய்திருக்கிறது; 1996இல் வந்த அந்த விதி 1999 முதல் வாடகை வீட்டுக்கும் பொருந்துகிறது. பொதுக் கூரைக்கு அது பொருந்தாது.

மீதி மூன்று சேனலுக்கு வருகிறேன். அடுத்த தவறு, பருவத்துக்குப் பார்ப்பதற்கு ஆண்டு முழுவதும் கட்டுவது. என்எப்எல் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. ஐபிஎல் மார்ச் இறுதியில் தொடங்கி இரண்டு மாதம் ஓடுகிறது. நேரலைச் சேவைகள் பெரும்பாலும் மாதச் சந்தா, ஒப்பந்தம் கிடையாது. கேபிளை விட்டு வந்ததில் நமக்குக் கிடைத்த ஒரே உண்மையான வசதி இதுதான். அதைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை, மின்கட்டணம் போல மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம். யூடியூப் டிவி போன்றவற்றில் ரத்து செய்யாமல் சில வாரங்கள் நிறுத்தி வைக்கவும் முடியும். ஒரே ஒரு ஆட்டம்தான் வேண்டுமென்றால், ஸ்லிங் என்ற நேரலைச் சேவை 2025இல் ஒருநாள் டிக்கெட்டை 5 டாலருக்குக் கொண்டுவந்தது. என்எப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு மட்டும் யாராவது சந்தா கட்டினால் அது வீண்செலவு. அது ஆன்டெனாவிலேயே வருகிறது.

எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு உதிரி உதிரியாக வாங்குபவர்கள் எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள். 2025 ஆகஸ்டில் இஎஸ்பிஎன் தனிச் சேவையாக 30 டாலருக்கு வந்தது, ஃபாக்ஸ் ஒன் 20 டாலருக்கு. இவற்றோடு என்பிசிக்காகப் பீகாக், சிபிஎஸ்ஸுக்காகப் பாரமவுண்ட் பிளஸ், என்எப்எல்லின் வியாழக்கிழமை ஆட்டத்துக்காக அமேசான் என்று கூட்டிக்கொண்டே போனால், விட்டுவந்த 83 டாலர் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். உதிரியாக வாங்குவது ஒன்று அல்லது இரண்டோடு நின்றால்தான் லாபம்.

ரத்து செய்வதில் ஒரு சங்கதி. கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ, அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். டிவியில் செருகும் கருவியின் கணக்கு வழியாகச் சேர்ந்துவிட்டு, சேவையின் இணையதளத்தில் ரத்து பொத்தானைத் தேடி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். பொத்தான் அங்கே இல்லவே இல்லை. ரத்து செய்யப் போனால் பல சேவைகள் "இரண்டு மாதத்துக்குப் பத்து டாலர் குறைக்கிறோம், இருங்கள்" என்று ஒரு சலுகையை நீட்டும். ஏற்பதில் தவறில்லை. சலுகை முடியும் நாளைக் குறித்துக்கொள்ளாமல் ஏற்பதுதான் தவறு, ஏனென்றால் அந்த நாளை அவர்கள் நினைவூட்டுவார்கள் என்று நம்ப முடியாது.

சேனல் நிறுவனத்துக்கும் சேவைக்கும் பணத்தகராறு வந்து சேனல்கள் மறைந்துபோகும் காலத்திலும் கேட்டால் கழிவு கிடைக்கும். 2025 அக்டோபர் இறுதியில் டிஸ்னியின் சேனல்கள் யூடியூப் டிவியிலிருந்து மறைந்து நவம்பர் 14இல்தான் திரும்பின. அந்தத் தகராறுக்காகச் சந்தாதாரர்களுக்கு 20 டாலர் கழிவு அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட கழிவு தானாக வந்து விழும் என்று காத்திருக்காமல் கணக்குப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் நம் கூட்டங்களில் இதுதான் அதிகம் காதில் விழுகிறது. "ஒரு பெட்டி வாங்கு, ஆயிரம் சேனல், தமிழ் எல்லாம் வரும், ஆண்டுக்கு இவ்வளவுதான்." உரிமை இல்லாமல் திருடிக் காட்டும் பெட்டிகள் அவை. பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஒருநாள் இருட்டாகிவிடும், கேட்க ஆளிருக்காது. போதாததற்கு, யார் எழுதினார்கள் என்றே தெரியாத செயலி ஒன்று உங்கள் வீட்டு வைஃபைக்குள் உட்கார்ந்திருக்கும். தமிழ்ச் செய்திக்காகத்தான் என்றால், புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் போன்ற சேனல்கள் யூடியூபிலேயே நேரலையில் இலவசமாக ஓடுகின்றன.

மாமியார் வரும் மே மாதம் மறுபடி வருகிறார். திரும்பும் டிக்கெட் செப்டம்பர் 20ஆம் தேதிக்கு. செப்டம்பர் 18க்கு "தமிழ்த் தொகுப்பு ரத்து" என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அன்றைக்கு எபிசோடு பார்த்த பிறகுதானே?" என்பது.