அதிரசப் பாகு விரலுக்குத்தான் தெரியும்

தீபாவளி நெருங்கினால் எங்கள் கடையில் ஒரே பேச்சுதான்: "நோன்புக்கு இருபத்தொண்ணு வேணும், கெடைக்குமா?" கேதார கௌரி நோன்புக்கு எண்ணி 21 அதிரசம் வைக்கிற வீடுகள் வண்ணாரப்பேட்டையில் இன்னும் உண்டு. ஆயா மூட்டிய அடுப்பு இது. அதற்கப்புறம் நைனா, இப்போது நான். ஆர்டர் எடுக்க முடியாமல் போனவர்களுக்கு நான் வாய்வழியாகச் சொல்லி அனுப்புவதைத்தான் எழுதுகிறேன்.

மாவுப் பச்சரிசி 1 கிலோவுக்குப் பாகு வெல்லம் முக்கால் கிலோ. பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்து மயங்காதீர்கள், கறுத்த வெல்லம்தான் நல்லது. கொத்தவால்சாவடியில் வாங்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்போம். உப்புக் கரித்தால் அடுத்த கடை.

அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்புங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஐப்பசி மழையும் கடல்காற்றும் சேர்ந்தால் எங்கள் பக்கம் எதுவுமே சீக்கிரம் காயாது. அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடு மிஷினில் அரைத்துச் சலிக்க வேண்டும். முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரு வருஷம் நான் கேட்காமல் விட்டு, 2 கிலோ மாவும் வீணானது.

இனி பாகு. வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். பாகு நுரைத்துப் பொங்கியதும் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. அடியில் உட்கார்ந்து, விரலால் கூட்டும்போது திரண்டு, வெளியே எடுத்தால் மெத்தென்று தொய்கிற உருண்டையாக வந்தால் அதுதான் பதம். கிண்ணத்தில் போட்டு 'டங்' என்று கேட்டால் போச்சு, அது கடலை உருண்டைக்குத்தான் ஆகும். ஆயா விரலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் அடுப்பை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டும். பேசக்கூடச் செய்யாது. அதற்குள் முற்றிவிடும்.

இறக்கி, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைத் தூவித் தூவித் துடுப்பால் கிளறுங்கள். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியானதும் நிறுத்திவிடுங்கள், ஆற ஆற இறுகும். 2 கைப்பிடி மாவாவது மிச்சம் இருக்க வேண்டும். மேலே நெய் தடவி, துணி கட்டி 2 நாள் விட்டுவிடுங்கள்.

அப்புறம் வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். நான் பொறுப்பேற்ற முதல் வருஷம் பாகு இளசாகி, போட்டதெல்லாம் எண்ணெயில் பிரிந்து போனது. நைனா ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்த மாவைக் கொண்டுவந்து பிசைந்தார், சரியானது. கல்லாக வந்தால் சூடான பால் தெளித்துப் பிசையலாம்.

உப்பி மேலே வந்ததும் திருப்பி, சிவந்ததும் எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடியுங்கள். சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், கூடையில் சாய்த்து நிறுத்துங்கள். 21 எண்ணும்போது உடைந்ததைச் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டில் அது பிள்ளைகளுக்கு.