ஹோலை அடைத்து நின்ற ஷோகேஸ்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோலில் அப்பா கட்டுவித்த சீமெந்து ஷோகேஸ் ஒன்று இருந்தது. பழைய பெட்டி டீவிக்கு அளவெடுத்த குழி, கோப்பைகளுக்குக் கண்ணாடித் தட்டு. கடற்காற்றில் பிணைச்சல் எல்லாம் துருப்பிடித்து, இரண்டடி இடத்தை வீணாக விழுங்கிக்கொண்டு நின்றது. அதை உடைத்தெடுக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு மாதம் ஆனது.

கூரைப் பாரம் எதுவும் அதன்மேல் இல்லை என்று மேசன் பாஸ் பார்த்துச் சொன்னார். மெயின் சுவிட்சை நிறுத்தி, உள்ளே ஓடிய வயரைக் கழற்றினோம். நான் சுத்தியலோடு பாயப் போனேன். “பொறுங்கோ தம்பி” என்று தடுத்து, தட்டு சுவரைத் தொடும் இடமெல்லாம் முதலில் கிரைண்டரால் கீறினார். அதனால் சுவர்ப் பூச்சு பெரிதாகப் பெயரவில்லை. தூசிதான் குசினி வரை போனது, கதவுக்கு ஈரச்சேலை கட்டியிருக்க வேண்டும்.

சுவர் சுலபம்: நனைத்துப் பூசி, ஒரு கிழமை தண்ணீர் தெளித்தோம். தரைதான் சிக்கல். ஷோகேஸுக்குக் கீழே சிவப்புச் சீமெந்தே போடப்படவில்லை. புதிதாகப் போட்ட துண்டு பழைய நிறத்தோடு சேரவே இல்லை. சரி, இப்போதைக்கு அதன்மேல் ஒரு பன்பாய்.