மாவு கொஞ்சம், காய் நிறைய: வீட்டிலேயே கொரியன் ஜொன்

கொரியன் சமையல் என்றாலே பெயர் தெரியாத பாட்டில்களை எல்லாம் வாங்கி அடுக்கணும் என்று தயங்குபவர்கள் ஜொன்னில் இருந்து ஆரம்பிக்கலாம். மைதா, வெங்காயம், கேரட், எண்ணெய், சோயா சாஸ் இருந்தால் போதும், வேலை முடிந்தது. காயோ மீனோ இறைச்சியோ, எதையாவது மாவிலோ முட்டையிலோ தோய்த்துத் தட்டையான சட்டியில் சுட்டெடுக்கும் பலகாரங்கள் எல்லாமே கொரியாவில் ஜொன்தான். சுசொக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகைகளுக்குத் தட்டுத் தட்டாகச் சுட்டு முன்னோருக்குப் படைப்பார்கள், மழை நாளென்றால் மக்கொல்லி என்ற அரிசி மதுவோடு சாப்பிடுவார்கள். எண்ணெயில் மாவு பொரிகிற சத்தம் மழைச் சத்தம் மாதிரியே இருப்பதால்தான் மழைக்கும் ஜொன்னுக்கும் இப்படி ஒரு பொருத்தம் என்று அங்கே சொல்வதுண்டு.

இப்போது செய்யப்போவது யாச்சேஜொன், அதாவது காய்கறி ஜொன். வகைகளிலேயே சுலபமானது.

என்னென்ன வேண்டும்

இரண்டு ஜொன்னுக்கு மைதா அரை கப், சோள மாவு (வெள்ளையாக இருக்கும் கார்ன்ஃப்ளார்) 2 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், ஒரு பல் பூண்டு துருவியது, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் அரை கப். சோள மாவு இல்லையா, அரிசி மாவு போடுங்கள். கொரியாவில் பெரும்பாலும் கடையில் விற்கும் புச்சிம்கரு என்ற ரெடிமேட் ஜொன் மாவுப் பாக்கெட்டைத்தான் பிரிப்பார்கள், அதற்குள்ளும் கோதுமை மாவு, ஸ்டார்ச், உப்பு, பூண்டு வெங்காயத் தூள் வகையறாதான் இருக்கும். அதனால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

காய்க்கு ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு கைப்பிடி வெங்காயத்தாள், இரண்டு பச்சை மிளகாய். அங்கே ஏஹோபாக் என்ற பிஞ்சுப் பூசணி வகையைச் சேர்ப்பார்கள், அதற்குப் பதில் சுக்கினி போடலாம், அதுவும் கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸ். எல்லாம் நறுக்கியபின் மொத்தம் இரண்டரை கப் வர வேண்டும். அரை கப் மாவுக்கு இவ்வளவு காயா என்று தோன்றும். அவ்வளவு வேண்டும். காயை ஒட்டவைக்கத்தான் மாவு, மாவுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் தெரிந்தால் அது மைதா தோசை.

நறுக்குவதும் கலப்பதும்

கேரட்டைத் தீக்குச்சி கனத்துக்கு நீளநீளமாக நறுக்குங்கள், வெங்காயத்தை மெல்லிய நீள்துண்டுகளாக. துருவினால் தண்ணீர் விட்டுக் குழையும், தடியாக நறுக்கினால் வெளியே கருகும்போதும் உள்ளே பச்சையாக இருக்கும். கத்தி வேலை அலுப்புதான், ஆனால் மொத்தச் சமையலில் பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

முதலில் சட்டியை அடுப்பில் வைத்து விடுங்கள். அப்புறம் மாவு வகைகளை உப்போடு கலந்து, பூண்டைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி நாலைந்து சுற்று மட்டும் கலக்குங்கள். அங்கங்கே கட்டி தெரிந்தால் பரவாயில்லை. மைதாவை அடித்து அடித்துக் கலக்கினால் குளூட்டன் இழுபட்டு ஜொன் ரப்பர் மாதிரி ஆகிவிடும், குளிர்ந்த தண்ணீர் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், சோள மாவில் குளூட்டனே கிடையாது என்பதால் மொறுமொறுப்புக்கு அது உதவும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் நிற்காமல் வழிய வேண்டும், பஜ்ஜி மாவை விட நீர்க்க. காயைச் சேர்ப்பது சட்டியில் ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான், ஏனென்றால் உப்புப் பட்டதும் காய் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

சுடுவது

தோசைக்கல்லை விட விளிம்பு உள்ள ஃப்ரை பேன் நல்லது, கல்லில் எண்ணெய் ஓரமாக ஓடிவிடும். ஒரு ஜொன்னுக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி எண்ணெய் (சன்ஃப்ளவர், கடலை எது வேண்டுமானாலும்). இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் வேறு பலகாரம் செய்வது நல்லது. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே சொர்ர்ரென்று பொங்க வேண்டும், அப்போது பாதிக் கலவையை ஊற்றி, காய் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தீ நடுத்தரத்துக்குச் சற்று மேல்.

இனி மூன்று நான்கு நிமிடம் கை வைக்காதீர்கள். ஓரத்தில் நுரைத்த எண்ணெய் அடங்கி விளிம்பு பொன்னிறமாகும், மேலே இருந்த ஈரப் பளபளப்பு மங்கும், சட்டியை லேசாக ஆட்டினால் ஜொன் முழுசாக நகரும். நகராவிட்டால் இன்னும் வேகவில்லை, காத்திருங்கள். திருப்பப் பயமாக இருந்தால் ஒரு தட்டுக்கு நழுவவிட்டு, சட்டியை அதன்மேல் கவிழ்த்துத் திருப்பலாம் (எண்ணெய் வழியும், கையில் துணி இருக்கட்டும்). திருப்பியதும் ஓரமாக இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டு, தோசைத் திருப்பியால் நடுவில் அழுத்துங்கள். இந்தப் பக்கமும் மூன்று நிமிடம். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஆவியில் நமத்துவிடும், கம்பித் தட்டில் வைத்து ஆறவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள

சோயா சாஸ் 2, வினிகர் 1, தண்ணீர் 1 மேசைக்கரண்டி, அரை டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் வெங்காயத்தாள். லைட் சோயா வாங்குங்கள், கெட்டியான டார்க் சோயா இதற்குச் சரிவராது. காரம் வேண்டுமென்றால் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போடலாம், ஆனால் கொரியாவின் கொச்சுகரு மிளகாய்த்தூளில் காரம் குறைவு, நிறம் அதிகம், அதனால் நம் குண்டூர் தூளை அதே அளவில் கொட்டாதீர்கள், காஷ்மீரி மிளகாயைக் கொரகொரப்பாகப் பொடித்தால் ஓரளவு ஒத்துவரும். இன்னொன்று, அவர்கள் இதில் சேர்க்கும் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த வாசம் இருக்காது. ஒரு டீஸ்பூன் எள்ளை வறுத்து நசுக்கிப் போட்டால் அந்தக் குறை தீரும்.

அடுத்து என்ன

கை பழகியதும் உருளைக்கிழங்கு ஜொன் செய்து பாருங்கள், கங்வொன் மாகாணத்தில் பிரபலம், மைதாவே வேண்டாம். கிழங்கைத் துருவி, அல்லது மிக்ஸியில் அரைத்து, வடிகட்டியில் பிழிந்து வரும் தண்ணீரைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை இறுத்துவிட்டால் கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவு களிம்பாகப் படிந்திருக்கும், அதைச் சுரண்டித் திரும்பவும் கிழங்கில் சேர்த்து உப்புப் போட்டுச் சுட வேண்டியதுதான்.

பாசிப்பருப்பு வீட்டில் இருந்தால் பிந்தேத்தொக் என்ற பருப்பு ஜொன்னும் சாத்தியம், சியோலின் குவாங்ஜாங் சந்தையில் குவியல் குவியலாகச் சுட்டு விற்பது அதைத்தான். ஒரு கப் பருப்பை 2 மேசைக்கரண்டி பச்சரிசியோடு மூன்று மணி நேரம் ஊறவைத்து, குறைந்த தண்ணீரில் கொரகொரவென்று அரைத்து, முளைப்பயறும் முட்டைக்கோஸும் கலந்து கனமாக ஊற்றணும். அங்கே பன்றி இறைச்சியும் கிம்ச்சியும் சேர்ப்பார்கள்.

மிஞ்சிய ஜொன்னை மைக்ரோவேவில் வைத்தால் சவசவவென்று ஆகிவிடும், எண்ணெய் விடாமல் சட்டியில் சூடாக்குங்கள், அதிலேயே இருக்கும் எண்ணெய் போதும். பண்டிகை முடிந்து மலைபோல் மீந்துவிட்டால் கொரியர்கள் அதைத் துண்டு போட்டுக் காரக் குழம்பில் கொதிக்கவிட்டு ஜொன் ஜிகே ஆக்கிவிடுவார்கள்.